மாலை போட்ட செய்திப் பக்கம்

காலை பதினொன்று நாற்பது. முதலில் கண்ணில் பட்டது, சுவரில் மாலை போட்டிருந்த ஒரு செய்தித்தாள் பக்கம்.

இறந்தவரின் படத்துக்குத்தான் மாலை போடுவார்கள். இந்தச் சட்டத்துக்குள் இருந்தது ஆக்லாந்தில் வெளிவந்த பழைய நாளிதழ் ஒன்றின் பிரதி. கண்ணாடியில் சந்தனப் பொட்டு. கீழே விளக்கு எரிந்தது. அதன் முன்னால் வாழையிலையில் சோறும் ஏழு கறியும்.

அன்று அந்த வீட்டுப் பெரியவரின் தகப்பனுக்குத் திவசம். பெரியவருக்கு எண்பத்து மூன்று வயது. இங்கே ஆக்லாந்தில், ஒடாஹுஹு நூலகத்தின் பத்திரிகை மேசையில் எனக்கு ஒன்றரை வருடமாகப் பழக்கம். முந்தாநாள் மனுகாவ் மோல் கடைத்தொகுதியில் நாங்கள் இருவரும் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, “நாளையில இருந்து நான் மரக்கறி மட்டும்தான், தம்பி. ஞாயிறு வீட்ட வாங்கோ, அப்பான்ர திவசம்” என்றார். அவர் வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை.

தகப்பன் திருகோணமலைத் துறைமுகத்தில் எண்ணெய் சேமிக்கும் தாங்கிகளில் வேலை செய்தவர். ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட காலையில் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. பெரியவர் அப்போது தாயின் வயிற்றில் ஏழு மாதம். தகப்பனின் படம் ஒன்று இருந்ததாம். தொண்ணூறுகளில் வீடு எரிந்தபோது அது போய்விட்டது. திதி எழுதி வைத்திருந்த கொப்பியும் போனது; அதைப் பார்த்தே செய்துவந்ததால் அவருக்குத் திதி மனப்பாடமில்லை. திதியை நினைவு வைத்திருந்த தாய் அதற்கு முன்பே காலமாகியிருந்தார்.

அகதிகளாக இங்கே வந்த மறுவருடம், பன்னிரண்டு வயது மகள் பள்ளிக்கூட வேலைக்காக நூலகத்தில் தேடி இந்தப் பக்கத்தைப் பிரதியெடுத்து வந்திருக்கிறாள். திருகோணமலை என்ற பெயர் அதில் இருந்தது. பக்கத்தின் தலையில் திகதி இருந்தது. அந்தத் திகதியைக் கோயிலில் கொடுக்க, ஐயர் பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னார்: பங்குனித் தேய்பிறை ஏகாதசி. அன்றிலிருந்து ஒரு வருடமும் தவறியதில்லை.

“இவள் தேடிப் பிடிச்ச அப்பா” என்று பெரியவர் சட்டத்தைக் காட்டினார். “படம் இல்லாட்டி என்ன, பேப்பரில வந்த மனுசன்.”

“இதை வாற எல்லாருக்கும் சொல்லுவார், அங்கிள்” என்றாள் மகள் அடுப்படியிலிருந்து. “எனக்கு அந்த அசைன்மென்ட்டுக்கு ‘சீ’ கிரேட்தான் கிடைச்சது.”

பத்தொன்பது வருடம் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் வெளிநாட்டுச் செய்திகளை வெட்டிச் சுருக்கியவன் நான். அச்சடித்த பக்கத்தைக் கண்டால் வாசிக்காமல் இருக்க முடியாது. கிட்டப் போனேன்.

பிலிப்பைன்ஸில் ஒரு தீபகற்பம் விழுந்திருந்தது. ரஷ்யாவில் பனி கரைந்த சேற்றுக்குள் சண்டை. லிபியாவில் டாங்கிகள். மால்ட்டாவில் குண்டுவீச்சு. பர்மாவில் பின்வாங்கல். பத்திக்கு ஒரு நாடு. பல்லாயிரம் பேர் சரணடைந்த செய்தியைவிட, பக்கத்திலிருந்த குளிர்காலக் கோட்டு விளம்பரம் பெரிதாக இருந்தது. திருகோணமலை ஐந்தாம் பத்தியின் அடியில், எட்டு வரி. விமானங்களுக்கு நான்கு வரி, கட்டடங்களுக்கு இரண்டு. தொழிலாளரைப் பற்றி எதுவும் இல்லை.

இடம் போதாதபோது செய்தியின் கடைசிப் பந்தியை வெட்டுவோம். ஆட்கள் பெரும்பாலும் கடைசிப் பந்தியில்தான் இருப்பார்கள். நான் எத்தனை வெட்டியிருப்பேன் என்று தெரியாது.

அப்போதுதான் அந்த எட்டு வரியின் தொடக்கத்தைப் பார்த்தேன். பொடி எழுத்தில் கொழும்பு, ஏப்ரல் ஒன்பது என்றிருந்தது. பக்கத்தின் தலையில் ஏப்ரல் பதினொன்று. தந்தி தணிக்கையைத் தாண்டி இந்த ஊருக்கு வந்து அச்சேற இரண்டு நாள் எடுத்திருக்கிறது. பத்திரிகை வேலை பார்த்த எவருக்கும் இது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். யோசிப்பதற்கு முன் வாய் முந்திவிட்டது.

“ஐயா, மேல இருக்கிறது பேப்பர் வந்த திகதியெல்லோ. குண்டு விழுந்தது ஒன்பதாம் திகதி.”

மகள் பருப்புச் சட்டியோடு வெளியே வந்தாள். “வாட் டு யூ மீன், அங்கிள்?”

கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினேன். சட்டியை நிலத்தில் வைத்துவிட்டுக் கைபேசியில் தேடினாள்.

“நைன்த்” என்றாள். “நான் மேல இருந்ததைத்தான் அப்பாவுக்குக் காட்டினனான். எனக்குப் பன்னிரண்டு வயசு.”

“நீ என்ன செய்வாய் பிள்ளை. ஐயரும்தானே பாத்துச் சொன்னவர்.”

“ஐயருக்கு நாங்கள் குடுத்த திகதிதானே, அப்பா.”

பெரியவர் கதிரையில் உட்கார்ந்தார். பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணினார்.

“அப்ப நவமி” என்றார். “அந்தாள் முப்பது வருசமா நவமியில வந்து, வாசலில நிண்டு பாத்திட்டுத் திரும்பிப் போயிருக்கும். நாங்கள் ஏகாதசியில இலை போட்டுக்கொண்டிருக்கிறம்.”

சிரிக்கட்டும் என்றுதான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. பின்வளவு வேலிக் கட்டையில் காகத்துக்கென்று வைத்த சோற்றை மைனாக்கள் தின்று முடித்திருந்தன. காகம் இங்கே இல்லை.

“இந்த வருசமெண்டாலும் சரியா செய்வம், அப்பா. நவமி எப்ப வருது? ஐயருக்குக் கோல் பண்ணட்டே?”

“அது போயிட்டுது பிள்ளை.”

“எப்ப?”

“இண்டைக்கு ஏகாதசியெண்டா, நவமி முந்தாநாள்.”

சொல்லிவிட்டுப் பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். மகளுக்கு எதுவும் தெரியாது. நான் இலையிலிருந்த சோற்றைப் பார்த்தேன்.

முந்தாநாள் மனுகாவ் மோலில் அவருக்குப் பொரித்த கோழி வாங்கிக் கொடுத்தது நான்.