பாறைச் சுவர் அறையில் ஒரு டப்பி

கறுப்பு மூடி போட்ட சின்ன டப்பி அது. மருந்துக்கடையில் களிம்பு வாங்கினால் தருவார்களே, அந்த அளவு. மூடியில் ஊசி குத்தினது போலத் துளைகள். காலேஜிலிருந்து வீடு வீடாகக் காற்றைச் சோதிக்க வந்த காலேஜ் அம்மா அதைக் கறுப்பு நூலில் கட்டி எங்கள் உள்ளறை விட்டத்தில் தொங்கவிட்டார். காற்றே நுழையாத அறை. ஆனாலும் அவர் கையை எடுத்த பிறகும் டப்பி வெகுநேரம் மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தது.

எங்கள் வீடு மலைக்கோட்டை அடிவாரத்தில், பாறையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கிற வீடு. உள்ளறைக்குப் பின்சுவர் கிடையாது, மலைதான் சுவர். சித்திரை வெயிலிலும் கை வைத்தால் ஜில்லென்று இருக்கும். அந்த அறையில்தான் என் வீட்டுக்காரரின் தங்கை, என் நாத்தனார், தையல் மெஷின் போட்டிருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று நின்றுவிட்டவள். தைப்பதும் தூங்குவதும் அங்கேதான். கதவு எப்போதும் சாத்தியே இருக்கும்.

"பாறையிலேர்ந்து ரேடான்னு ஒரு வாயு வரும்மா. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. அடைச்ச ரூம்ல தங்கிச்சுன்னா வருஷக்கணக்குல நுரையீரலைக் கெடுத்துடும். மூணு மாசம் டப்பியைத் தொடாதீங்க, உள்ள இருக்கிற ஃபிலிம்ல பதிஞ்சிடும்" என்றார் காலேஜ் அம்மா.

நாத்தனார் ஊசியில் நூல் கோத்தபடியே சிரித்தாள். "மலை மூச்சு விடுதாம் அண்ணி. இத்தனை நாளா உங்க பெருமூச்சுன்னுல்ல நெனச்சேன்!"

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போக வருகிற உறவெல்லாம் எங்கள் வீட்டில்தான் தங்கும். எனக்கு அதில் ஒரு பெருமை. அந்த வருஷம் டப்பி தொங்கி நாலு நாள்கூட ஆகவில்லை. வந்திருந்த சம்பந்தியம்மாள் உள்ளறையை எட்டிப் பார்த்து, "யாருக்கு மந்திரிச்சுக் கட்டியிருக்கீங்க? உங்க நாத்தனாருக்கா?" என்றாள். எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. அவள் அந்தண்டை போனதும் டப்பியை அவிழ்த்தேன். தூர எறியப் பயம். வாசல் நிலையில் திருஷ்டிக்குக் கட்டியிருந்த எலுமிச்சம்பழம், மிளகாயோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். அங்கே தொங்கினால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மூன்று மாசமும் அது காவிரிக் காற்றில் ஆடியது. காலேஜ் அம்மா வருவதற்கு முதல் நாள் பழையபடி விட்டத்தில் கட்டினேன்.

ஃபிலிமைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "பயப்பட ஒண்ணுமில்லம்மா" என்று சீட்டு கொடுத்தார். தெரு முழுக்கச் சொன்னேன், எங்கள் வீட்டைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், சுத்தம் என்று. நாத்தனார் கதவைச் சாத்திக்கொண்டு தைத்தாள்.

சில வருஷம் போய் அவளுக்கு இருமல் வந்தது, நிற்கவில்லை. டாக்டர் எக்ஸ்ரே படத்தில் நுரையீரல் கட்டியைப் பார்த்துவிட்டு, "வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?" என்றார். யாரும் இல்லை. எதனால் என்று ஒன்றைக் காட்டிச் சொல்ல முடியாது என்றார். அவர் சொல்லாததை அந்த ஜில்லென்ற சுவர் எனக்குச் சொன்னது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி காலேஜ் அம்மாவைத் தேடிப் போனேன். நான் செய்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. புது டப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். இந்த முறை மூன்று மாசம் கழித்துச் சீட்டைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பாறையும் தரையும் சேருகிற விரிசலைப் பூசி அடைக்கச் சொன்னார். தரைக்கடியிலிருந்து குழாய் விட்டு, மாடிக்கு மேல் காற்றை இழுத்து விடும் ஃபேன் போடச் சொன்னார். எல்லாம் செய்தோம். நாத்தனாரை அதற்கு முன்பே முன்னறைக்கு மாற்றியிருந்தேன்.

கட்டிலில் உட்கார்ந்து அவள் மெதுவாகச் சொன்னாள். "அண்ணி, வாசல்ல மிளகாயோட தொங்கினதை நான் அன்னிக்கே பார்த்தேன்."

"ஏன்டி சொல்லல, பாவி?"

"சொன்னா என்னை அங்கேர்ந்து எழுப்பிடுவீங்க. இந்த வீட்ல எனக்குன்னு இருந்தது அந்தக் கதவு ஒண்ணுதான்."

ஆடி மாசம் அவள் போய்விட்டாள்.

இப்போது ஃபேன் ஓயாமல் ஓடுகிறது. நெஞ்சில் சளி கட்டியவர் மூச்சு விடுகிற சத்தம் அதற்கு. அளவு குறைந்துவிட்டது, இனி தாராளமாகப் படுக்கலாம் என்கிறார் காலேஜ் அம்மா. படுக்க யாரும் இல்லை. சரிபார்க்க மறுபடி ஒரு டப்பி கட்டியிருக்கிறார். தையல் மெஷினுக்கு நேர் மேலே தொங்குகிறது. ஒட்டடை அடிக்கும்போதுகூட அந்தப் பக்கம் கை கொண்டுபோவதில்லை. கதவைத் திறந்து வைத்தால் அது அசையாமல் இருக்கிறது. சாத்திவிட்டு உள்ளேயே நின்று சற்றுப் பொறுத்துப் பார்த்தால், மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கிறது.