கடப்புராயனைக் கரை இறக்கியவள்

சேசி எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள்தான். கஞ்சி ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வாள். பஸ் நிற்பதற்கு முன்பே படியில் கால் வைப்பாள். கல்யாணமாகி பெர்லபாடிக்கு வந்த முதல் மழைக்காலத்தில், வயலில் நாற்று நட்டுக்கொண்டே அவள் பாட்தனா என்னும் கதைப்பாட்டைப் பாடிய வேகத்துக்குக் கூட நட்டவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. "இவ பாட்டுக்கு நட்டா நாத்துக்கே மூச்சு வாங்கும்" என்று ஒருத்தி சொன்னதை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

அப்படிப்பட்டவள் அன்று பொழுது சாய்கிற நேரத்தில் பாட்டை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

ஊர்ப் பெரியவர் ஆள்வா வீட்டு முற்றத்தில் வருஷ நேமம், தெய்வம் ஆள் மேல் இறங்கி வந்து படையல் வாங்கும் நாள். ஓரத்தில் தென்னோலைப் பந்தல். அதற்குள் பாயில் மல்லாந்து கிடந்தான், தெய்வக்கோலம் கட்டும் அவள் புருஷன் ஐத்தப்பா. அவன் முகத்துக்குத் தம்பி குருவா மஞ்சள் பூசிக்கொண்டிருந்தான். பூசி முடிகிற வரை, சின்னப் பறையைத் தட்டிக்கொண்டு கடப்புராயனின் கதையைப் பாடுவது சேசியின் வேலை. மலையில் பிறந்த தெய்வம் ஆற்றோடு ஊர் ஊராக இறங்கி, கடைசியில் ஓடம் ஏறி இந்த முற்றத்துக்கு வர வேண்டும். பாட்டு முற்றத்தைத் தொட்டால்தான் ஐத்தப்பா எழுந்திருக்கலாம். பாட்டில் தெய்வம் என்ன செய்ததோ அதையேதான் அவன் முற்றத்தில் செய்ய வேண்டும். நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது, ஆள்வாவே ஆனாலும்.

பாட்டில் கடப்புராயன் ஓடத்திலிருந்து குதித்து முற்றத்தைச் சுற்றி ஓடுவான். ஐத்தப்பா, ஆளை விட உயரமான அலங்காரச் சட்டமான அணியை முதுகில் கட்டிக்கொண்டு, கையில் பந்தத்தோடு ஓட வேண்டும். போன மாதம் மேடேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டவன் அவன். இனி பாரம் தூக்கக் கூடாது, ஓடினால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று புத்தூர் டாக்டர் சொன்னார். யாருக்கோ சொன்னதைப் போல ஐத்தப்பா தலையாட்டினான்.

இந்த வருஷம் தம்பி கோலம் கட்டட்டும் என்று சேசி கெஞ்சாத நாளில்லை.

"ஒரு தடவ அவன் கட்டினா, அப்புறம் என்னை யாரு கூப்பிடுவா? உயிரோட இருக்கும்போதே எனக்குக் குழி தோண்டறியா?" என்றான்.

"குழி நீங்களே தோண்டியாச்சு. நான் மண்ணத் தள்ளாம இருக்கத்தான் பாக்கறேன்."

ஆம்பிளைப் பிடிவாதத்துக்கு முன்னால் எந்த டாக்டர் என்ன செய்ய முடியும்? பந்தலுக்கு வந்து உட்காரும்போது சேசியிடம் ஒரு திட்டமும் இல்லை. பாட்டு முற்றத்துக்கு வந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் தெரிந்தது.

வழக்கமாக விழுங்கிவிடும் கிளைக்கதைகளை எல்லாம் பாடினாள். தெய்வம் மேய்த்த எருமை பிறந்த கதை, ஓடத்துக்கு வெட்டிய மரத்தின் கதை, அந்தக் கோடரியை அடித்த கொல்லனின் கதை. தெய்வத்தை எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் ஏற்றி வருகிறாள் என்று ஒரு வருஷம் அவளைத் திட்டிய ஆள்வா, நாற்காலியில் இப்படியும் அப்படியும் நெளிந்தார். குருவா முகத்தை எழுதி முடித்து, வேலையில்லாமல் புள்ளி மேல் புள்ளி வைத்துக்கொண்டிருந்தான். சேசியின் முழங்கால் தன் பாட்டுக்கு ஆடியது. விடிய விடியப் பாடினாலும் என்ன ஆகிவிடப் போகிறது? மஞ்சள் காய்ந்து வெடிக்கும், இவன் அப்போதும் எழுந்துதான் ஓடுவான். கிளைக்கதைகளும் தீர்ந்துவிட்டன. ஓடம் கரையை முட்டி நின்றது.

பாட்டு எங்கே சிக்கிக்கொண்டது என்று ஆள்வா ஆள் விட்டுக் கேட்டார். பூச்சு கலையாமலிருக்க உதடு அசைக்காமல் கிடந்த ஐத்தப்பா பல்லிடுக்கில் சொன்னான்.

"சேசி, கரை வந்தாச்சு. எறக்கி விடு."

அந்த அதிகாரத்தில் அவளுக்கு வந்ததே கோபம். இறக்கி விட்டாள். ஓடத்திலிருந்து கடப்புராயன் கால் வைத்தான். மலை நடந்த கால், காடு நடந்த கால் நோகிறது என்றான். ஆள்வா வீட்டு ஊஞ்சலைப் பார்த்தான். இந்த வீட்டில் நான் ஓட வேண்டியது இல்லை, உட்கார்ந்தே படையல் வாங்குவேன் என்றான். யோசிப்பதற்குள் வாய் பாடிவிட்டது. பறையில் தாளம் தப்பவில்லை.

ஐத்தப்பா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். பாட்டு முடிந்துவிட்டது. பாடியதை யாரும் திரும்பப் பெற முடியாது.

அணி கட்டினார்கள், சலங்கை கட்டினார்கள். ஓடுவதற்கு வழி விட்டு ஜனம் ஒதுங்கி நின்றது. முற்றத்து ஓரத்தில் தெய்வம் ஏறி அவன் உடம்பு ஆடியது. முழங்கால் ஓட மடங்கியது. ஓடத்தான் போகிறான், என் பாட்டை யார் மதித்தார்கள் என்று சேசி நினைத்தாள். அவன் திரும்பினான். மெல்ல நடந்து ஊஞ்சலுக்குப் போனான். சங்கிலிக்கு நடுவே அணி நுழையவில்லை. குருவா அதை அவிழ்த்துப் பின்னால் சாய்த்துவைத்தான்.

ஆள்வா கை கூப்பிக்கொண்டு வந்தார்.

"வருஷா வருஷம் ஓடி வந்த தெய்வம் இன்னிக்கு உக்காந்திருக்கு. எங்க மேல என்ன குத்தம்?"

பாடியவள் பொய் பாடினாள் என்று தெய்வத்தின் வாய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சேசி இனி எந்த முற்றத்திலும் பறையைத் தொட முடியாது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"குத்தம் ஒண்ணும் இல்ல," என்றது தெய்வம். "பாடினவ எப்படிக் கூட்டிட்டு வந்தாளோ, அப்படி வந்தேன்."

காலையில் கிணற்றடியில் உட்கார்ந்து ஐத்தப்பா தேங்காயெண்ணெய் தேய்த்து மஞ்சளைத் துடைத்தான். வாளியை வைப்பதும் எடுப்பதுமாக சேசி அவனைச் சுற்றிச் சுற்றி வந்தாள். துடைத்துத் துடைத்து சொந்த முகம் வெளியே வந்த பிறகு, அவளைப் பார்க்காமலே சொன்னான்.

"அடுத்த வருஷம் பாட்டுல வீட்டுப் படி வரைக்குமாவது ஓட விடு."

"மொதல்ல அடுத்த வருஷத்துக்கு வந்து சேருங்க," என்றாள் சேசி.