துண்டு டாக்டர்

ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டே சண்டை போடுவது அவளுக்குக் கைவந்த கலை. மாடுகளைத் தாக்கும் கோமாரி வைரஸ் இருக்கும் ஆய்வறை அது. வெளியே வருபவர்கள் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வர வேண்டும். உள்ளே தொடங்கிய வாக்குவாதத்தைக் குளியலறையிலும் விடமாட்டாள். "நான் இன்னும் முடிக்கலை, அங்கேயே நில்லுங்க" என்று தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் குரல் வரும்.

துண்டு டாக்டர் என்ற பட்டம் தலைத்துண்டால் மட்டும் வந்ததல்ல. அவள் வேலையும் துண்டுதான். லாமா என்ற நீள்கழுத்து விலங்கின் ரத்தத்தில் ஊறும் நோய் எதிர்ப்புப் புரதத்திலிருந்து ஒரு சின்ன நுனியை மட்டும் பிரித்தெடுப்பாள். வைரஸின் ஓடு முழுதாக இருந்தால் அந்தத் துண்டு போய் ஒட்டிக்கொள்ளும். உடைந்த ஓட்டைச் சீண்டாது. தடுப்பூசியில் இருப்பதும் செத்த வைரஸின் ஓடுதான்; அது உடைந்தால் ஊசி பலிக்காது. ஓட்டில் எந்த இணைப்பு முதலில் விடுகிறது என்று அதை வைத்தே கண்டுபிடித்து, வெயிலுக்கு உடையாத தடுப்பூசி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்பது அவள் வைராக்கியம்.

அவளுடைய அக்கா பால்மாடு வைத்திருக்கிறாள். ஆய்வறைக்குப் போய்வந்தவர்கள் சில நாட்களுக்கு மாட்டை நெருங்கக் கூடாது. அதனால் அக்கா வீட்டுக்குப் போனாலும் தெருவில் நின்றுதான் பேச்சு. "பேரு மாட்டு டாக்டர். ஒரு மாட்டைத் தொட்டுப் பார்க்க வக்கில்லை" என்று அக்கா கேலி செய்வாள்.

போன மாதம் கேலி இல்லை. அவள் நிலையம் அனுப்பிய கோமாரி ஊசி போட்ட மாடுகளே வாயில் நுரை தள்ளி, குளம்பு வெடித்துக் கிடந்தன. கன்று ஒன்று செத்துப்போயிருந்தது.

"மருந்தை ஐஸ்ல வைக்காம நாங்கதான் கெடுத்துட்டோமாம். உன் ஆபீஸ்லேருந்து வந்தவர் சொல்லிட்டுப் போறார்" என்றாள் அக்கா.

அவளுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. மறுநாளே தங்கள் குளிர் அறையிலிருந்து, அடுத்து அனுப்ப வைத்திருந்த அதே மருந்தை எடுத்துச் சோதித்தாள். மூடி திறக்காத புட்டிகள். ஒன்றில்கூடத் துண்டு ஒட்டவில்லை. வாசலைத் தாண்டும் முன்பே ஓடெல்லாம் நொறுங்கிப் போயிருந்தது.

முடிவைக் கொண்டுபோய்க் காட்டியும் டைரக்டர் அசரவில்லை. "பழைய டெஸ்ட்ல அளவு சரியா இருக்கேம்மா."

"உடைஞ்ச பானையும் முழுப் பானையும் ஒரே எடைதான் சார். உடைஞ்சதுல தண்ணி நிக்குமா?"

"உன் டெஸ்ட்டை இன்னும் யாரும் ஏத்துக்கலை. இந்தத் தடவை மருந்து போகட்டும். அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

"செத்த கன்னுக்கு அடுத்த தடவை ஏது சார்?" அவள் குரல் உயரவில்லை. "கெட்ட மருந்தையும் குடுத்து, பழியையும் அவங்க தலையிலேயே கட்டியாச்சு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கவா நான் இவ்வளவு படிச்சேன்?"

பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கினாள். கீழே அந்த மருந்தை ஊர்களுக்குக் கொண்டுபோகும் வண்டியில் ஓட்டுநர் பெட்டிகளை ஏற்றி முடித்து எஞ்சினைக் கிளப்பியிருந்தார்.

"கொஞ்சம் பின்கதவைத் திறங்கண்ணே" என்றாள். திறந்துவிட்டார்.

மேலாக இருந்த மருந்துப் பெட்டியைத் தூக்கிவந்து வண்டிக்கு முன்னால் போட்டு, அதன் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மாடி ஜன்னலிலிருந்து டைரக்டர் கூப்பிட்டார். அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஓட்டுநர் ஜன்னலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, மற்ற பெட்டிகளையும் இறக்கத் தொடங்கினார்.