கக்கூஸ் குழியில் தலைப்பிரட்டைகள்

தொண்ணூறுகளின் நடுவில், திண்டிவனத்தில் நாங்கள் கட்டிய வீட்டில் எல்லாம் இருந்தது, கக்கூஸைத் தவிர. ஹாலில் மாதா படத்துக்குச் சீரியல் விளக்குகூடப் போட்டாயிற்று. நான் மட்டும் விடியுமுன் சொம்பை எடுத்துக்கொண்டு சவுக்குத் தோப்புக்குப் போவேன். மூன்று வருஷம் நச்சரித்த பிறகு, அந்தக் கோடையில்தான் கொல்லையில் குழி தோண்டினார்கள். தோண்டியதோடு சரி. ஐப்பசி மழையில் குழி நிரம்பியபோது எனக்கு ஏழு மாதம்.

தவளைகள் வந்து முட்டையிட்டன. அடுத்த வாரம் கறுப்புக் கறுப்பாகத் தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டிக்கொண்டு திரிந்தன. என் வீட்டுக்காரர் பெருமுக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். புத்தகத்தில் படமாக இருந்த சங்கதி கொல்லைக்கே வந்துவிட்டதில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

மழை விட்டதும், தண்ணீரை இறைத்துவிட்டு சிமெண்ட் உறை இறக்கக் கொத்தனார் வந்தார்.

"இதுங்களுக்குக் கால் மொளைச்சு வெளிய போவட்டும் மேஸ்திரி. அப்பறம் வாங்க" என்றார் இவர்.

"இன்னா சார், கக்கூஸு உங்களுக்கா, தவளைக்கா?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். எனக்குக் கொத்தனார்மேல் பெரிய மரியாதை வந்தது.

வளைகாப்பு முடிந்து அம்மா என்னை விழுப்புரத்துக்குக் கூட்டிப்போக வந்தாள். அங்கே கக்கூஸ் உண்டு, கதவு உண்டு, தாழ்ப்பாள் உண்டு. புத்தியுள்ளவள் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பாள். நான் ஏறவில்லை. நான் போய்விட்டால் குழி குளமாகவே இருந்துவிடும், கைப்பிள்ளையோடு திரும்பி வந்து மறுபடியும் சொம்பைத் தூக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"உறை எறங்குனாத்தான் வருவேன்" என்றேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு தனியாகப் போனாள்.

பிறகு தினமும் எழுந்ததும் குழியைப் போய்ப் பார்ப்பது என் வேலையாயிற்று. பாசத்தில் இல்லை, கால் வந்துவிட்டதா என்று பார்க்க. இவர் வெந்த கீரையைக் கிள்ளிக் கிள்ளிப் போடுவார். எனக்கென்று வேகவைத்த கீரை அது.

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. பின்னங்கால் வந்துடுச்சு, இன்னும் முன்னங்காலுதான்."

"என் காலு வீங்கிக்கினு போவுது, நீங்க அதுங்க காலை எண்ணிக்கினு இருங்க."

"ரெண்டே வாரம்."

"ஆண்டவரு ஒலகத்தையே ஆறு நாள்ல முடிச்சிட்டாருங்க."

அதற்கும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் தூறலோடு தோப்புக்குப் போனபோது வரப்பில் வழுக்கி விழுந்தேன். பக்கவாட்டில் விழுந்ததால் வயிற்றில் அடியில்லை. ஆனாலும் சேற்றில் உட்கார்ந்தபடி, பிள்ளை அசைகிறதா என்று வயிற்றில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேனே, அந்தப் பயம் இன்னும் எனக்குப் போகவில்லை. கடைசியில் அசைந்தது. எழுந்து வந்தேன்.

இவர் என் சேலையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மாவுச் சல்லடையையும் வாளியையும் எடுத்துக்கொண்டு குழியில் இறங்கித் தலைப்பிரட்டைகளை அள்ள ஆரம்பித்தார். நல்லா வேணும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்புறம், இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அவர் ஒவ்வொரு சல்லடைக்கும் என் வயிற்றைத் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. வாளியும் போதவில்லை. உள்ளே போய் என் சீர் அண்டாவை உருட்டிக்கொண்டு வந்து வைத்தேன். அதில் நான் அதுவரை ஒரு பிரியாணிகூடச் செய்ததில்லை.

மறுநாளே கொத்தனார் வந்தார். உறை இறங்கியது, சுவர் எழும்பியது. அண்டாவில் ஒரு செங்கல்லைப் போட்டு வைத்தோம். வால் சுருங்கியவை அதில் ஏறி ஒவ்வொன்றாகக் குதித்துப் போயின. நான் விழுப்புரம் பஸ் ஏற வேண்டிய அன்று காலையில்தான் கதவு மாட்டினார்கள்.

நான்தான் முதலில் போனேன். உள்ளே மூலையில் கட்டைவிரல் நகமளவு ஒரு தவளை உட்கார்ந்திருந்தது, வால் நுனி இன்னும் முழுதாகப் போகவில்லை.

"உனக்காக நான் இத்தினி நாள் வெளிய போனேன். இப்ப நீ போ" என்று கையால் அள்ளி வெளியே விட்டேன்.

தாழ்ப்பாளைப் போட்டேன். டக் என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது, அடக்க முடியவில்லை.

"இன்னாம்மா ஆச்சு?" என்று இவர் கதவைத் தட்டினார்.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றேன்.