மெதுவாகப் போகிற வண்டி

எங்கள் மகன் இறந்து, சர்ச்சில் அவனுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த அடுத்த வாரம், பெட்ரோல் பங்கில் முன்பின் தெரியாத ஒரு பையனிடம் என் கணவர் போய், "தம்பி, என் வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்குறியா?" என்று கேட்டார். நான் பின்சீட்டிலிருந்து இறங்கி ஓரமாக நின்றிருந்தேன். அந்தப் பையன் வைத்திருந்தது, குனிந்து படுத்துக்கொண்டு ஓட்டுகிற வேகமான வண்டி. அவன் என் கணவரையும் அவருடைய வண்டியையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வேணா அங்கிள்" என்று சிரித்தபடி கிளம்பிப் போனான்.

என் கணவருடையது குரூசர் வகை. கனமானது, தாழ்வான சீட், அகலமான கைப்பிடி. நாற்காலியில் உட்காருவது போல நிமிர்ந்து உட்கார்ந்துதான் ஓட்ட முடியும். களம்பூரில் ஒரு அரிசி ஆலையில் அவர் ஃபிட்டர். ஆரணியிலிருந்து தினமும் அதில்தான் போய் வருவார். எங்கள் ஒரே மகன் அதைத் தொட்டதே இல்லை. "அது பெருசுங்க வண்டிம்மா" என்பான். செய்யாறு பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்ததும் தவணையில் அவனுக்குப் பிடித்த வேகமான வண்டியை வாங்கிக்கொண்டான். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து திரும்பும்போது, வளைவில் நின்றிருந்த நெல் லாரியின் பின்னால் போய் மோதினான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அதற்குப் பிறகு என் கணவருக்கு ஒரே எண்ணம்தான். வேகமான வண்டியில் போகிற பையன்களை எப்படியாவது தன் மாதிரி வண்டிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். "இதுல பறக்க முடியாது. நீ நெனச்சாலும் வண்டி உடாது. நிமிந்து உக்காந்தா ரோடு முழுசா தெரியும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னை வீட்டில் இறக்கிவிட்டுக் கோட்டை மைதானத்துக்குப் போவார். பையன்கள் அங்கே வண்டியை வரிசையாக நிறுத்தி ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருப்பார்கள். மதியச் சாப்பாட்டின்போது நடந்ததை என்னிடம் சொல்வார்.

"அங்கிள், இதுல வீலிங் அடிக்க முடியுமான்னு ஒருத்தன் கேக்குறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முடியாதுப்பா, அதுக்குத்தான் ஓட்டச் சொல்றேன்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

அவரும் லேசாகச் சிரித்தார். மகனின் சாவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. எனக்கு அது பிடிக்கவில்லை.

முதலில் அவர் பையன்களுக்குப் புத்தி சொல்லிப் பார்த்தார். அவர் வருவதைக் கண்டாலே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். பிறகு சொல்வதை விட்டுவிட்டார். சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் நின்றார். டேங்குக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தார். சீட்டுக்குப் பழுப்பு நிற உறை தைத்துப் போட்டார். மில்லில் கூட வேலை செய்பவரின் மகளைக் கொண்டு செல்போனில் வீடியோ எடுக்கவைத்தார். படவேட்டு வாழைத்தோப்புகளுக்கு நடுவே அவர் மட்டும் தனியாக வண்டியில் போகிற வீடியோ. நான் வேலை செய்யும் பள்ளியில் ஒரு டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரரு வண்டிக் கம்பெனிக்கு ஏஜென்ட்டா இருக்காரா டீச்சர்?" என்று கேட்டார். கறுப்புப் புடவை கட்டியிருந்த நான் வகுப்புக்குள் போய்விட்டேன்.

முதலில் மனம் மாறியவன் முள்ளிப்பட்டிலிருந்து வந்த பையன். வீட்டிலேயே தறி. அப்பா இல்லை. அவனும் அம்மாவும் கூலிக்குப் பட்டு நெய்துகொண்டிருந்தார்கள். மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தவன், சாவியைத் திருப்பித் தராமல், "அங்கிள், இன்னொரு ரவுண்டு போட்டுமா?" என்று கேட்டானாம். கொஞ்ச நாளில் தன் வண்டியை விற்றுவிட்டுப் பழைய குரூசர் ஒன்றை வாங்கினான். அவனைப் பார்த்து அவன் கூட்டாளிகள் இரண்டு பேர் வந்தார்கள். நர்சிங் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணும் அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணமங்கலம் வழியாகப் படவேடு வரை மெதுவாகப் போய், டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள்.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் எல்லோரையும் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். நான் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன். கேட் திறக்கிற சத்தம், வண்டியை ஸ்டாண்டு போடுகிற சத்தம், "அம்மா, தண்ணி" என்று யாரோ கூப்பிடுகிற குரல். ஈரக் கையோடு வாசலுக்கு ஓடினேன். அது என் மகன் இல்லை என்பது என் கால்களுக்குத் தெரியவில்லை. வாசலில் நான்கு பேரும் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் திரும்பிப் போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு அவரிடம் கத்தினேன். "ஊரான் புள்ளைங்களுக்கு இவ்ளோ நேரம் சொல்றீங்களே, நம்ம புள்ளைக்கு ஒரு நாள் இப்படி ஒக்காந்து சொன்னீங்களா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொல்லல. அவன் தெருமுனைல திரும்புவான் பாரு, அந்த வேகத்த பாத்துகினு நிப்பேன். எம் புள்ளன்னு எனக்குப் பெருமையா இருந்துச்சு."

கேட்டிருக்கவே வேண்டாம் என்று தோன்றியது. அதற்குமேல் அவரிடம் சண்டை போட எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அடுத்த ஞாயிறு நானாகவே இட்லி ஊற்றி வைத்தேன். முள்ளிப்பட்டுப் பையன் சாம்பாரைக் குழந்தை மாதிரி வழித்துச் சாப்பிடுவான். அந்தப் பெண் பாத்திரம் கழுவாமல் போகமாட்டாள். அவர்கள் கிளம்பும்போது வாசலுக்கு வந்து நிற்கவும் ஆரம்பித்தேன். ஒருவர் பின் ஒருவராக, அவசரமில்லாமல், தெருவைத் தாண்டிப் போவார்கள். அவர்கள் அம்மாக்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு வேலை நாளில் அந்த நர்சிங் பெண் பள்ளிக்கே போன் செய்தாள். முள்ளிப்பட்டுப் பையன் நெய்து முடித்த புடவைகளை முதலாளியிடம் கொடுக்க ஆரணிக்கு வந்துகொண்டிருந்திருக்கிறான். பின்னால் ஒரு வேன் இன்னொரு வேனை முந்தப் பார்த்து, ஓரமாகப் போன அவனைத் தட்டித் தூக்கி எறிந்துவிட்டது. வேலூரில் சேர்த்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது.

நானும் அவரும் பஸ்ஸில் போனோம். ஆஸ்பத்திரியில் வார்டு வாசல் வரை வந்தவர், "நீ போ" என்று சுவரோரம் நின்றுவிட்டார்.

அவன் அம்மா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் உள்ளே போனேன். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று இருந்தேன். அவரோ என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க டீச்சரம்மா. செத்த நேரம் பக்கத்துல இருங்க, மூஞ்சி கழுவிகினு வந்துட்றேன். காலைலருந்து இவன உட்டு நவுரல."

போகும்போது மகனின் நெற்றியைத் தடவி, முடியை ஒதுக்கிவிட்டுப் போனார். அந்தக் கையைப் பார்த்தபோது எனக்கு வந்தது இரக்கம் இல்லை, பொறாமை. கால் முறிந்து படுத்திருக்கிறவனின் அம்மாவைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். தடவிக்கொடுக்க அவருக்கு ஒரு நெற்றி இருந்தது.

பையன் கண்ணைத் திறந்தான். "அங்கிள் வர்லியாம்மா?"

"வெளிய நிக்கிறாருப்பா."

"ஏன்?" என்றவன் அவனே புரிந்துகொண்டான் போலிருக்கிறது. உதடு காய்ந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "நான் மெதுவாதாம்மா போனேன். அவர்கிட்ட சொல்லுங்க. மெதுவாதான் போனேன்" என்றான்.

வெளியே வந்து அதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்து, அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். அடக்கத்தன்று அழாத மனிதர், அத்தனை பேர் நடக்கிற வராந்தாவில் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். ஒரு காவலாளி வந்து, "பெரியவரே, வழில ஒக்காராதீங்க" என்றார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். காவலாளி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அதோடு அவர் மைதானத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். மற்றவர்கள் சில ஞாயிறுகள் தாங்களாகவே போய் வந்தார்கள். பிறகு ஒருவன் வேலைக்குச் சென்னைக்குப் போனான். அந்தப் பெண்ணுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. மிச்சமிருந்தவன் வேறு கூட்டத்தோடு சேர்ந்துவிட்டான். அவர்கள் தங்கள் குரூசர்களுக்குக் காதைப் பிளக்கும் சைலன்சர் மாட்டிக்கொண்டு பைபாஸில் பறக்கிறார்கள். அந்த வண்டியில் பறக்க முடியாது என்று இவர் நம்பியதும் பொய்யாகிப் போனது. நான் அதைச் சொன்னபோது அவர், "சரி" என்று மட்டும் சொன்னார்.

முள்ளிப்பட்டுப் பையனுக்கு எலும்பு கூடிவிட்டது. ஆனால் கால் பழையபடி மடங்கவில்லை. தறிக்குழியில் இறங்கி மிதிக்க முடியாது. முதலாளி தன் கடையிலேயே புடவை மடித்துவைக்கிற வேலை கொடுத்திருக்கிறார். தறியில் இப்போது அம்மா மட்டும்தான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் என் கணவர் பஸ் ஏறி முள்ளிப்பட்டுக்குப் போய்விடுகிறார். வண்டி வீட்டில்தான் நிற்கிறது. போன மாதம் நானும் கூடப் போனேன். அவன் அம்மா போட்ட டீயைக் குடித்துக்கொண்டே இருவரும் செல்போனில் கிரிக்கெட் பார்த்தார்கள். யார் அவுட், யார் கேட்ச்சை விட்டான் என்றுதான் பேச்சு. வெளியே ஏதோ வண்டி போகும்போது மட்டும் இரண்டு பேரும் ஒரு கணம் வாசல் பக்கம் திரும்பிவிட்டு, மறுபடி ஆட்டத்தைப் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் சொன்னார்.

"வெயில்ல ஒன்னும் தெரியலியாம். மழ புடிச்சாத்தான் கால் வலிக்குதாம்."

வெளியே வானம் மூடியிருந்தது. வீடு வந்து சேரும்வரை அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.