தேசிக்காய் தித்தித்த அரைமணி நேரம்

போன வாரத்துக்கு முந்தைய ஞாயிறு. பூசை முடிந்து வந்த என் வீட்டுக்காரர், தோட்டத்துப் பக்கம் போய்விட்டு வந்து, ஒரு பச்சைத் தேசிக்காயை, அதுதான் எலுமிச்சங்காயை, இரண்டாக வெட்டினார். இனிப்புத் தோடம்பழத்தை உறிஞ்சுவது போல உறிஞ்சினார். முகத்தில் ஒரு சுளிப்பு? ம்ஹூம்! கண்ணை மூடி ரசித்துவிட்டு மற்றப் பாதியையும் கையில் எடுத்தார்.

இவர் யார் தெரியுமா? தேசிக்காய்த் தண்ணீரில் சீனி ஒரு கரண்டி குறைந்தால் கிளாஸைத் தள்ளி வைப்பவர்.

"ஜெசி, இங்க வா! உன்னைய சந்தையில யாரோ ஏமாத்திட்டாங்க. இது தேசிக்காயே இல்ல. தேன் மாதிரி இனிக்குது!"

ஏமாற்றியது சந்தைக்காரர் இல்லை. நான்தான். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் "இதைக் கொஞ்சம் வாயில போட்டுப் பாருங்க" என்று ஒரு சின்னச் சிவப்புப் பழத்தை நீட்டியிருந்தேன். கோப்பிப்பழம் என்று நினைத்துச் சப்பிவிட்டு, "ஒரு ருசியும் இல்லையே" என்று கொட்டையைத் துப்பினார். அவ்வளவுதான் நடந்தது.

பிறகு வீடே ரணகளம்! புளிக்கிற அம்பரெல்லா இனித்தது. அதைவிடப் புளிக்கிற பிளிங்காய் இனித்தது. வினாகிரியை ஒரு துளி நாக்கில் விட்டு, "சீனிப்பாணி!" என்று கத்தினார். நான் சும்மா இருப்பேனா? நானும் ஒரு பழத்தைச் சப்பினேன். எங்கள் ஊர் உக்குவளையில் ஞாயிறு காலை பத்து மணிக்கு, இரண்டு பெரிய மனிதர்கள் சமையலறையில் நின்று பிளிங்காய்க்குச் சண்டை போட்டோம். வழக்கமான பிளேன்டீ சுடச்சுட உள்ளே போகும் வரைக்கும் இந்தக் கூத்து. அதற்குப் பிறகு ஒரு பிளிங்காயைக் கடித்தார் பாருங்கள்... அந்த முகத்தைப் படம் பிடிக்காமல் விட்டுவிட்டேனே என்று இன்னும் கவலை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பழப் பைத்தியம் புதிதல்ல. மதிலில் டிராகன் பழம் ஏறிக் கிடக்கிறது. மலச்சிக்கலுக்கு அருமையான பழம். சிவப்பு ரகத்தைச் சாப்பிட்டால் மறுநாள் காலை கழிவறையில் அலறாதீர்கள், அது ரத்தம் இல்லை. பிரேசில் நாட்டு ஜபுட்டிகாபா ஒன்றும் நிற்கிறது. கிளையை விட்டுவிட்டு அடிமரத்திலேயே, கறுப்புத் திராட்சை ஒட்டி வைத்தது போலக் காய்க்குமாம். எனக்கு இன்னும் ஒரு பூவும் காட்டவில்லை. ஆபிரிக்காவின் கொம்பு வெள்ளரி போன வருடம் காய்த்தது. உடம்பெல்லாம் முள், உள்ளே பச்சை ஜெலி. வெயில் காலத்தில் உடம்புக்கு நல்ல தண்ணீர்ச் சத்து. மங்குஸ்தான் வேண்டும் என்று ஆசை. இடம் இல்லை.

துள்ளும்போதே ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் கமரங்கா என்கிற நட்சத்திரப் பழத்தையும், பிளிங்காய்ச் சாற்றையும் தொடவே கூடாது. 'பழம்தானே' என்று நினைத்துக் குடித்து ஆபத்தில் விழுந்தவர்கள் உண்டு. பழம் என்றால் எல்லாருக்கும் நல்லது என்று யார் சொன்னது?

ஆனால் பழம் விற்பவர்களின் பயன் பட்டியலைப் படித்திருக்கிறீர்களா? நோய் எதிர்ப்புச் சக்தி கூடும், தோல் பளபளக்கும், இதயம் பலம் பெறும், இளமை திரும்பும்... டிராகன் பழத்தின் பெயரை எடுத்துவிட்டு கிவியின் பெயரை வைத்தாலும் பட்டியல் அப்படியே பொருந்தும். மிச்சம் மீதிக்கு நிறைய 'அன்டி-ஒக்சிடன்ட்'.

சரி, அந்தச் சிவப்புப் பழத்துக்கு வருகிறேன். பெயர் மிராக்கிள் ஃபுரூட். அற்புதப் பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஆபிரிக்காக்காரர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த பழம். கண்டி வீதி நர்சரி ஒன்றில் சாணளவுச் செடியாக வாங்கி வந்தேன். தேயிலைக்குப் பிடித்த அதே புளிப்பு மண் இதற்கும் பிடிக்கும் என்று நர்சரிக்காரர் சொன்னதால், எல்கடுவவில் இருக்கும் என் மச்சாளிடம் கெஞ்சி, ஒரு உரப்பை நிறையத் தேயிலைத் தோட்டத்து மண் கொண்டுவந்து வளர்த்தேன். வருடக் கணக்காக முறைத்துக்கொண்டு நின்றது. இந்த வருடம்தான் முதல் காய்ப்பு. நாலே நாலு பழம்.

அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பழத்தில் இருக்கும் ஒரு புரதம் நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு புளிப்பு எது வந்தாலும் நாக்கு அதை இனிப்பு என்று நம்பிவிடுகிறது. அரைமணி நேரம், கூடிப் போனால் இன்னும் கொஞ்ச நேரம். வயிற்றுக்குள் போவது என்னவோ அசல் புளிப்புத்தான். என் வீட்டுக்காரருக்கு அன்று மத்தியானம் வந்த நெஞ்செரிச்சலே சாட்சி.

நெஞ்சைத் தடவிக்கொண்டு சாய்ந்திருந்தவர் திடீரென்று கேட்டார்.

"ஜெசி... இது பரீதாவுக்கு உதவாதா?"

இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

பரீதா எங்கள் எதிர்வீடு. என் வயதுதான். அவள் கணவர் ரஸீன் நானாவுக்குச் சந்தியில் பலசரக்குக் கடை. பெருநாளைக்கு அவள் அனுப்பும் வட்டிலப்பத்துக்காக நாங்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு காத்திருப்போம்! அப்படிப்பட்டவளுக்குப் புற்றுநோய். கண்டியில் மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். மருந்து வேலை செய்கிறது என்றுதான் டாக்டர் சொல்கிறார். ஆனால் நாக்கு போய்விட்டது. சோறு, கறி, தண்ணீர் எதை வைத்தாலும் தகரத்தை நக்கியது போல இருக்கிறதாம். இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. எடை இறங்கிக்கொண்டே போனது. இன்னும் குறைந்தால் அடுத்த மருந்தை ஏற்ற முடியாது, தள்ளிப் போட வேண்டியதுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆக, அவள் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான். அதுதான் நடக்கவில்லை.

அப்போதே ஓடப் பார்த்தேன். "முதல்ல டாக்டர்கிட்ட கேக்கச் சொல்லு" என்று இவர் கையைப் பிடித்தார். நியாயம்தானே? பரீதாவின் மகள் நஸ்ரின் மறுநாள் கிளினிக்குக்குப் போன் போட்டாள். வாயில் புண் இல்லாவிட்டால் சாப்பிடலாம், புளிப்பை அளவோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், இதை மருந்து என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள் என்று பதில் வந்தது. வாயில் புண் இல்லை. போதாதா எனக்கு?

நன்றாகச் சிவந்த ஒரு பழத்தைப் பறித்துக்கொண்டு வீதியைத் தாண்டினேன். மற்றது இன்னும் கொஞ்சம் பழுக்கட்டும் என்று செடியிலேயே விட்டேன்.

பரீதா கட்டிலில் சாய்ந்திருந்தாள். என் படபடப்பைப் பார்த்தே சிரித்தாள். பிஸ்மி சொல்லிப் பழத்தை வாயில் போட்டுச் சப்பினாள். நான் தேசிக்காயை வெட்டத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து ரஸீன் நானா தட்டோடு உள்ளே வந்தார்.

"முதல்ல இஞ்சி போட்ட பிளேன்டீய குடிங்க தங்கச்சி. வந்த நேரத்துல இருந்து சும்மா நிக்கிறீங்க."

குடித்தோம். எல்லாரும் குடித்தோம். பரீதாவும் இரண்டு மிடறு குடித்தாள். அதற்குப் பிறகு தேசிக்காயை நீட்டினேன்.

"அல்லாஹ்! புளிக்குது புள்ள!"

நாக்கை நீட்டி உதறினாள். நான் இன்னொரு துண்டு கொடுத்தேன். அதுவும் புளிப்பு. புளிப்பும் தகரமும்.

"பரவாயில்ல ஜெசி" என்றாள். மிச்சத் தேசிக்காயை என் பக்கம் தள்ளினாள். "இனி ஒண்ணும் கொண்டு வராத. ஒவ்வொண்ணுக்கும் ஆசப்பட்டு ஆசப்பட்டே எனக்குக் களைச்சுப் போகுது."

வீட்டுக்கு வந்து அழுதேன். ஆமாம், அழுதேன். கோபமும் வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் தேனாக இனித்தது, தேவைப்பட்டவளுக்கு மட்டும் ஏன் இனிக்கவில்லை?

விடையைச் சொன்னவர் மறுபடியும் இவர்தான். அதுவும் தெரியாமல் சொன்னார். பின்னேரம் பிளேன்டீயை ஊதிக் குடித்தபடி, "அன்னைக்கும் இந்த எழவைக் குடிச்சப் பிறகுதானே எனக்கு இனிப்பு போச்சு..." என்று முணுமுணுத்தார்.

நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். தேத்தண்ணீர்! சூடு! உடனே போனை எடுத்துத் தேடிப் பார்த்தேன். அப்படித்தான் போட்டிருந்தது. அந்தப் புரதத்துக்குச் சூடு ஆகாது. சுடச்சுட ஒன்றைக் குடித்தால் ஆட்டம் முடிந்தது. ஆபிரிக்காவில் இந்தப் பழத்தைச் சாப்பிடுகிறவர்கள் வாய்க்குள் உடனே இஞ்சி பிளேன்டீயை ஊற்றிக்கொள்வார்களா என்ன? நம் ஆட்களால்தான் முடியும். மாத்திரை போட்டாலும் தேத்தண்ணீர், மரண வீட்டிலும் தேத்தண்ணீர், மீட்டர் வாசிக்க வந்தவருக்கும் தேத்தண்ணீர். அற்புதத்துக்கும் ஒரு கப் ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டோம்!

மிச்சம் இருந்தது ஒரே ஒரு பழம். அதைச் சுற்றி ஒரு கொண்டைக்குருவி வேறு வட்டமிட்டது. ஓடிப் போய், தேத்தண்ணீர் வடியைக் கவிழ்த்துப் பழத்தின் மேல் கட்டிவிட்டேன். கெடுத்தது தேத்தண்ணீர்தானே? காவலும் அதுவே இருக்கட்டும்.

இரண்டு நாள் பொறுத்து மறுபடியும் போனேன். பரீதா என் கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினாள்.

"வேணாம்னு சொன்னேன்தானே?"

"ஒரே ஒரு தடவ. சரிவரல்லன்னா செடியையே வெட்டிப் போட்டுர்றேன்."

அவள் கையை நீட்டினாள். "செடி என்ன பாவம் செஞ்சுச்சு? கொண்டா."

இந்த முறை கட்டளை என்னுடையது. அடுப்பில் கேத்தல் ஏறக் கூடாது. ரஸீன் நானாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "வீட்டுக்கு வந்தவங்களுக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடுக்காம எப்புடி தங்கச்சி?" என்று, ஏற்கனவே ஊற்றி வைத்திருந்த பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நஸ்ரின் அவருக்குப் பக்கத்தில் காவல்.

பரீதா பழத்தைச் சப்பினாள். நாக்கின் எல்லாப் பக்கமும் படும்படி உருட்டச் சொன்னேன். உருட்டினாள். கொட்டையைத் துப்பினாள். தேசிக்காய்த் துண்டை அவளே எடுத்து, பயந்து பயந்து நுனி நாக்கில் வைத்தாள்.

வைத்தவள் எடுக்கவில்லை.

"ஜெசி..." கண்கள் விரிந்தன. "இது என்ன புள்ள, தோடம்பழம் மாதிரி ஈக்குது!"

நஸ்ரின் கைதட்டினாள். நான் என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. வீதியில் போன ஆட்டோ ஒன்று நின்று பார்த்துவிட்டுப் போனது! தக்காளித் துண்டு கொடுத்தோம். "இனிக்குது!" தயிர் கொடுத்தோம். "ஐஸ்கிரீம்!" நேரம் ஓடுகிறது, அடுத்தது என்ன கொடுப்பது என்று நானும் நஸ்ரினும் குளிர்சாதனப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தபோது பரீதாவின் குரல் வந்தது.

"சோறு ஈக்குதா?"

அந்தக் கேள்வியை அந்த வீட்டில் கேட்டு எவ்வளவு காலம்!

ரஸீன் நானா பிளாஸ்க்கை என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினார். அவள் படுத்த நாளிலிருந்து சமையல் அவர்தான். கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்து, மகளிடம் கேட்டுக் கேட்டுச் சமைப்பார். ஆறின சோறும், கொறக்காப்புளி போட்ட மீனும் கொண்டுவந்து வைத்தார். பரீதா தக்காளியைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள். இன்னொரு வாய். மூன்றாவது வாய். பாதிப் பீங்கான் காலியானதும் நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள்.

"மீனுக்கு உப்பு காணாது."

ரஸீன் நானா சாரத்து நுனியால் கண்ணைத் துடைத்தார். சிரித்தார். மறுபடியும் துடைத்தார்.

"இத்தன நாளா என்னத்த வெச்சாலும் ஒரு வார்த்த சொல்லல்ல தங்கச்சி" என்றார் என்னிடம். "நல்லமுண்டும் சொல்லல்ல, கூடாதுண்டும் சொல்லல்ல. அல்ஹம்துலில்லாஹ்... உப்பு காணாதுண்டு சொல்லிட்டா!"

உப்பு வந்தது. பீங்கான் காலியானது. அதற்குப் பிறகுதான் பிளாஸ்க் திறக்கப்பட்டது. அன்று மாலை கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும், "என்ட சமையல்ல உப்பு காணாதாம்!" என்று மனிதர் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். விஷயம் தெரியாதவர்கள் பாவம், ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்களாம்.

ஒரு பழம், ஒரு வேளைச் சோறு. அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன். நோயைப் பழம் தொடவில்லை. தகர ருசியும் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிட்டது. ஆனால் நாக்கு செத்துப் போகவில்லை என்று பரீதாவுக்குத் தெரிந்துவிட்டதே! அடுத்த நாளிலிருந்து ஆறின சாப்பாடு, சோற்றில் இரண்டு துளி தேசிக்காய், தகரக் கரண்டிக்குப் பதிலாக மரக் கரண்டி என்று அவளே ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். ஒரு வாய் இரண்டாகி, இரண்டு நாலானது. இந்தப் புதன்கிழமை கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தார்கள். எடை குறையவில்லை. மருந்து ஏற்றினார்கள்!

என் செடியில் புதிதாகப் பூ வைத்திருக்கிறது. தேத்தண்ணீர் வடி தயாராக இருக்கிறது.

இப்போது பழக்கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த நீண்ட பயன் பட்டியலின் கடைசியில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'கணவன் சமையலில் குறை கண்டுபிடிக்க உதவும்.'

மனைவி சமையலில் குறை கண்டுபிடிக்க எந்தப் பழமும் தேவையில்லை என்பதை என் வீட்டுக்காரர் தினமும் நிரூபித்து வருகிறார்.