வழிக்கக் கூடாத வழுவழுப்பு

ஒரு குடலைக் கிழிக்காமல் உட்புறம் வெளியே வரும்படி திருப்ப எனக்குப் பதினொரு வயதிலேயே தெரியும். பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ஓர் உணவகத்தின் சமையலறையில் அம்மா வேலை செய்தாள். புதன்கிழமைகளில் பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை என்பதால் நாங்கள் குடியிருந்த புறநகரான கார்ஜிலிருந்து என்னையும் ரயிலில் கூட்டிப்போவாள். ஆட்டுக்குடலின் ஒரு நுனியைச் சீனக் கடையில் வாங்கிய சாப்பாட்டுக் குச்சியில் மாட்டி, கால்மேசு கழற்றுவதுபோல் மெல்ல இழுத்துவிட வேண்டும். பிறகு உப்பும் மஞ்சளும் போட்டு, கரண்டி விளிம்பால் வழுவழுப்புப் போகும்வரை வழிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் உயிரியல் மூன்றாம் ஆண்டு. அந்த வருடம் ஆய்வுகூடத்தில் கோடைகால ஸ்தாஜுக்கு, அதாவது பயிற்சி வேலைக்கு, எங்கள் வகுப்பிலிருந்து ஒருவரைத்தான் எடுப்பார்கள். குடல் செய்முறைப் பரிசோதனையில் வரும் புள்ளியை வைத்தே ஆளைத் தெரிவுசெய்வார்கள். எனக்கு அந்த இடம் வேண்டும்.

ஒவ்வொரு சோடிக்கும் முயலின் சிறுகுடலில் இரண்டு துண்டுகள் தந்தார்கள். துண்டைத் திருப்பி, குளுக்கோஸ் கலந்த உப்புநீரை உள்ளே விட்டு, இரு முனையையும் கட்டி, அதே நீரில் மிதக்கவிட வேண்டும். குடல் இன்னும் உயிரோடிருந்தால், வெளியிலிருக்கும் குளுக்கோஸை இழுத்து ஒரு மணிநேரத்தில் உள்ளே சேர்த்துவிடும்.

பக்கத்து மேசைகளில் கண்ணாடிக்கோலோடு மல்லுக்கட்டிக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு நிமிடத்தில் திருப்பிவிட்டேன். என்னுடைய சோடிப் பெண் வாயைப் பிளந்து பார்த்தாள். எனக்குத் தலைகால் தெரியவில்லை. அந்தப் பெருமையில் என் கை தனக்குப் பழகிய அடுத்த வேலையையும் செய்துவிட்டது. நுணுக்குக்காட்டிக் கண்ணாடித் தகட்டின் விளிம்பால் மேலிருந்து கீழாக, பளபளவென்று வரும்வரை வழித்தேன்.

ஒரு மணிநேரம் கழித்துப் பார்த்தால் உள்ளே குளுக்கோஸ் கொஞ்சமும் ஏறவில்லை.

விரிவுரையாளர் அம்மையார் குடலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இதை என்ன செய்தாய்?”

“சுத்தம் செய்தேன்.”

“சமைக்கப் போகிறாயா? நீ வழித்து எறிந்ததுதானே உறிஞ்சுகிறது!”

அது எனக்குத் தெரியாததா? கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் விரல்கள், அவற்றின்மேல் நொதிகள், எல்லாவற்றையும் காக்கக் குடலே சுரக்கும் சளிப்படலம் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். படித்ததெல்லாம் கைக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை.

குளிர்ந்த உப்புநீரில் இன்னும் ஒரு துண்டு இருந்தது. திருப்பினேன். வழுவழுப்பு அப்படியே மினுங்கியது. வழிக்க விரல்கள் துடித்தன. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொள்ளாத குறைதான். சும்மா அலசிக் கட்டி மிதக்கவிட்டேன். இம்முறை மணிநேரம் முடிந்து, குளுக்கோஸைக் காட்டும் சோதனைத்தாளை உள்ளிருந்த நீரில் தோய்த்ததும் கரும்பச்சையாக மாறியது. வெளிநீரில் தோய்த்த தாள் வெளிறிக் கிடந்தது.

“இப்படித் திருப்ப எங்கே பழகினாய்?” என்று அம்மையார் கேட்டார்.

அம்மா “உணவகத்தில் வேலை” என்று மட்டுமே அதுவரை எல்லோருக்கும் சொல்லிவந்தேன். அன்று எல்லோர் முன்னிலும், “லா சப்பலில். என் அம்மா சமையலறையில் குடல் கழுவுகிறாள்” என்றேன்.

ஸ்தாஜ் எனக்குத்தான் கிடைத்தது. சனிக்கிழமை நேரே சமையலறைக்குப் போனேன். கதையைக் கேட்டுவிட்டு அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அப்ப நான் இவ்வளவு வருசமும் சத்தையோ வழிச்சுக் குப்பையில போட்டனான்?”

“இல்லை அம்மா. அது ஆட்டுக்குத்தான் தேவை. நீங்கள் வடிவாக் கழுவுங்கோ.”

அடுப்படியில் நின்ற சமையல்கார அண்ணை சிரித்தார். “அக்கா, உங்கட மகள் முயல்குடலுக்கு டொக்டராம். எங்கட குடல்கறிக்கும் ஒரு சேட்டிபிக்கேற் எழுதித் தரச் சொல்லுங்கோ!”

“ஓம், தருவாள். முதல்ல நீ உப்பைப் பாத்துப் போடு” என்றாள் அம்மா. அன்று வந்த எல்லா மேசைக்கும் கதை போய்ச் சேர்ந்தது.

அடுத்த ஆண்டு வந்த மாணவர்களுக்குக் குடலைத் திருப்பிக் காட்டும் பொறுப்பை அம்மையார் என்னிடம் தந்தார். வெள்ளை அங்கியோடு முன்னால் நின்று முதல் வாக்கியமாக, “திருப்பியதும் வழிக்காதீர்கள்” என்றேன்.

இருபது பேரும் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். அப்படி யாராவது வழிப்பார்களா என்று ஒருவன் கேட்டும்விட்டான்.